படிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டது

அக்காவோடு எங்கேயும் போகக் கூடாது. போனால் நேரத்துக்குத் திரும்ப முடியாது. தூரம் காரணமில்லை, வழியெல்லாம் எழுத்து இருக்கும், அதுதான் காரணம். பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுத்து. மாத்திரை அட்டையில் எழுத்து. சைக்கிள் நிறுத்தத்தில் கிழித்துத் தரும் டோக்கனில், எறும்பை நசுக்கித் தேய்த்த மாதிரி ஒரு எழுத்து. எதைக் கண்டாலும் அக்கா நின்றுவிடுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார். ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் அடியில் வைப்பார். பிறகு சத்தமாக வாசிக்கத் தொடங்குவார்.

மனசுக்குள் வாசிக்கத் தெரியாதவர் இல்லை. நாற்பதுக்கும் மேல் நாவல் எழுதியவர். ஆனால் காசோ கையெழுத்தோ கைமாறுகிற இடத்தில் எந்த எழுத்தையும் அவர் மனசுக்குள் வாசிக்க மாட்டார்.

"வாய்விட்டுப் படிச்சாத்தான் அப்பு, பொய் தொண்டையில சிக்கும்" என்பார்.

அவர் வீடு நாகல் நகரில். பிழைப்பு பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படியின் அடியில். பத்திரம் எழுதுகிற கடை அது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, மின்விசிறி ஒன்று, அதன் காற்றில் படபடக்கும் மாதாவின் காலண்டர். காலையிலிருந்து நிலம் விற்பவர்களும் வாங்குபவர்களும் வருவார்கள். கீரனூரிலிருந்து அரை ஏக்கரை விற்க வந்தவரின் வேட்டியில் அந்த அரை ஏக்கரின் செம்மண் ஒட்டியிருக்கும். அவர்கள் போனதும் அதே மேசையில், அதே பேனாவால், அக்கா நாவல் எழுதுவார். அந்த நாவல்களில் காதலன் காதலியிடம் சத்தியம் செய்தால்கூடப் பக்கத்தில் ரெண்டு பேர் நிற்பார்கள். நான் ஒருமுறை கேலி செய்தேன். "சாட்சி இல்லாம சத்தியம் பண்ணி என்னத்துக்கு ஆகும்?" என்று உண்மையாகவே கேட்டார். ஊரில் அவருக்குப் பெயர் 'பத்திரக்கா'. நான் வெறும் அக்கா என்பேன்.

ஒருநாள் சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை எடுக்க என் மனைவி அவரையும் அழைத்துக்கொண்டாள். புத்தி சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. சேலை எடுத்து, பணம் கொடுத்து, பில்லும் வாங்கியாயிற்று. பில்லின் அடியில் வழக்கமான வரி: 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது.' அக்கா அதை விரல் வைத்து வாசித்தார். நிமிர்ந்தார்.

"ஏந்தம்பி, எப்ப வித்ததுன்னு கணக்கு? பணம் குடுத்தப்பவா, பையக் கையில வாங்கினப்பவா?"

கடைக்காரர் பையை நீட்டிய கையோடு நின்றார். "அக்கா, சேலையில எதுவும் கொறையா?"

"சேலை தங்கமா இருக்கு. வரிதான் கொறையா இருக்கு."

அரை மணி நேரம். என் மனைவி வாசலுக்குப் போய்ப் பூ வாங்கி, தலையில் வைத்து, பேருந்து ஒன்று போனதைப் பார்த்து, இன்னொன்றும் போனதைப் பார்த்து, திரும்பி வந்தாள். அப்போதும் அக்கா அந்த ஒரே வரியில் இருந்தார். கடைசியில் கடைக்காரர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தே கொடுத்துவிட்டார். சேலையை அக்கா திருப்பித் தரவில்லை. திருப்பித் தருகிற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "இனிமே அவுக கூட நான் கோயிலுக்குக் கூடப் போகமாட்டேன்."

கோயிலிலும் நடந்தது. மாதா கோயிலில் அவருடைய தம்பி மகள் கல்யாணம். பூசை முடிந்து, பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா பதிவேட்டை முதல் கட்டத்திலிருந்து வாசித்தார். மணமகன் பெயர், தகப்பன் பெயர், ஞானஸ்நானம் பெற்ற ஊர். பாடகர் குழு முடித்த பாட்டையே திரும்பப் பாடியது. பிறகு இன்னொரு தரமும் பாடியது. சாமியார் கைகளைக் கோத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் மாமா, "ஏலே, பிரியாணி ஆறிப்போகும்டா, அந்தம்மாவச் செத்த சீக்கிரம் முடிக்கச் சொல்லு" என்றார். அக்கா முழுக்க வாசித்து முடித்தார். பிழை ஒன்றும் இல்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொன்ன குரலில் சின்ன ஏமாற்றம் தெரிந்ததாக எனக்குத் தோன்றியது.

இதைச் சொல்லத்தான் வேண்டும்: பெரும்பாலும் அவர் எதையும் கண்டுபிடித்ததில்லை. பத்து இடத்தில் ஒன்பது இடம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அந்த ஒன்பது இடத்திலும் நாம் நின்றிருப்போம். கால் கடுக்கும், வெயில் உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கும், பேருந்து போயிருக்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் நாங்கள் ஐந்து பேரும் எங்கள் புத்தகங்களை ஒப்படைத்தோம். புத்தி இருந்ததா என்று கேட்காதீர்கள்.

பத்து வருடம் இருக்கும். எங்கள் ஐவருக்கும் ஒரே பதிப்பாளர், சென்னைக்காரர். அதுவரை எழுத்தில் ஒன்றும் கிடையாது. கைப்பிரதியை அனுப்புவோம், புத்தகம் வரும், கூடவே பத்துப் பிரதி வரும், தோளில் கை போட்டு எடுத்த ஒரு புகைப்படமும் மிஞ்சும். திடீரென்று ஒருநாள் ஐவருக்கும் இரண்டு பக்க ஒப்பந்தம் வந்தது. மின்னூல் போடப் போகிறாராம். அச்சுப் புத்தகத்துக்குப் பத்து சதவீதம், மின்னூலுக்கும் அதே பத்து. உரிமை காலம் முழுவதற்கும். 'மின்னூல் மற்றும் இனி வரக்கூடிய எல்லா வடிவங்களுக்கும்' என்று ஒரு வரி.

அக்காவின் கடையில் ஒரு சாயங்காலம் கூடினோம். நான், அக்கா, ஒட்டன்சத்திரத்திலிருந்து செல்லமுத்து. அவர் முருங்கை போடுவார், சிறுகதை எழுதுவார், இரண்டையும் மழையைப் பார்த்துத்தான் செய்வார். கூட இரண்டு பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள், ஆகவே இந்தக் கதையில் இனி பேச மாட்டார்கள்.

அக்கா இரண்டு பக்கத்தையும் வாசித்தார். ஒன்றரை மணி நேரம்.

"காகிதம் இல்ல, அச்சு இல்ல, கிட்டங்கி வாடகை இல்ல, எலி கடிக்கிறதில்ல. அப்புறம் எதுக்கு அதுக்கும் இதுக்கும் ஒரே பத்து? செலவு கழிச்சு வர்றதுல சரிபாதி கேப்போம். இது கிரயம் இல்ல, குத்தகை. மூணு வருசம். மூணு வருசம் முடிஞ்சா தோட்டத்தக் காலி பண்ணிக் குடுக்கற மாதிரி திருப்பிக் குடுக்கணும். இஷ்டம்னா மறுபடி எழுதிக்குவோம்."

"ஏனுங்கக்கா, இனி வரக்கூடிய எல்லா வடிவமும்னு போட்டிருக்குதுங்களே, அது என்னங்க?" என்றார் செல்லமுத்து.

"அதுதான் எனக்கும் தெரியல. போட்டவருக்கும் தெரியாது. தெரியாத எடத்துக்கு எப்படிய்யா வேலி போட்டாரு?"

அன்றே முடிவானது: அக்காதான் பேச வேண்டும். அவர் பேசி முடிக்கும் வரை யாரும் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது. ஐவரும் தேநீர்க் கிளாஸைத் தூக்கிச் சரி என்றோம். நானும் தூக்கினேன்.

அப்போது என் மூன்றாவது கவிதைத் தொகுப்பு அச்சுக்குத் தயாராக இருந்தது. ஆறு வருடம் எழுதியது. ஒவ்வொரு வரியையும் வெயிலில் காயப்போட்டு, உதறி, மடித்து வைத்திருந்தேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. அதற்குள் வராவிட்டால் அடுத்த ஜனவரி. நாற்பது வயதைக் கடந்த கவிஞனுக்கு ஒரு ஜனவரி எவ்வளவு நீளம் என்று நிலப் பத்திரம் எழுதுபவருக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்டு போனது, செப்டம்பர் போனது. பதிப்பாளர் சரிபாதிக்கு வந்தார். மூன்று வருடத்துக்கும் வந்தார். அந்த மர்ம வரியை எடுத்துவிடவும் ஒப்புக்கொண்டார். போனில் அவர் சொல்லச் சொல்ல ஒலிபெருக்கியில் நாங்கள் கேட்டோம். செல்லமுத்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா கேட்டார்: "ரொம்ப சந்தோசங்கய்யா. எப்ப வாரீங்க? முத்திரைத்தாள் வாங்கி வச்சிடுறேன். ஒங்க பக்கம் ஒரு சாட்சி கூட்டிட்டு வாங்க."

பதிப்பாளர் சிரித்தார்.

"சாட்சியா? மேடம், நான் மெயில்ல அனுப்பிடறேன். நமக்குள்ள என்ன?"

"நமக்குள்ளதாங்கய்யா சாட்சி வேணும். நமக்கு வெளிய யாரு இருக்கா?"

"என்ன மேடம், நிலமா விக்கிறோம்? இலக்கியம் பண்றோம்."

"நெலத்த யாரும் தூக்கிட்டு ஓட முடியாதுங்கய்யா. அது அங்கனயேதான் கெடக்கும். கதையத்தான் தூக்கிட்டு ஓடலாம். அப்ப எதுக்கு சாட்சி அதிகமா வேணும்?"

போன் வைக்கப்பட்டது. அக்டோபர் முழுக்க அவர் எடுக்கவே இல்லை.

நான் கத்தினேன். அந்தக் கடையில் நின்று, எல்லாம் கிடைத்த பிறகு வெறும் சம்பிரதாயத்துக்காக, ஒரு முத்திரைத்தாளுக்காக, ஒரு மனிதரை அவமானப்படுத்தி விரட்டிவிட்டீர்கள் என்று கத்தினேன். அக்கா ஒரு கிரயப் பத்திரத்துக்கு எல்லை எழுதிக்கொண்டிருந்தார். வடக்கே வாய்க்கால், தெற்கே பொதுப்பாதை. "வருவாரு அப்பு. அம்புட்டுக்கும் சரின்னவரு, இதுக்கு ஏன் வரமாட்டேங்கிறாரு? அத யோசிச்சியா?" என்றார், தலை நிமிராமல். நான் யோசிக்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் ஜனவரியின் கதவு சாத்தப்படும் சத்தம் மட்டும்தான்.

நவம்பரில் பதிப்பாளர் என்னிடம் தனியாகப் போனில் பேசினார். "உங்க புக் ரெடியா இருக்கு சார். அந்த ரெண்டு பக்கத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்கன்னா பத்து நாள்ல அச்சு. அவங்க விஷயம் அவங்க பாத்துக்கட்டும்."

கூரியர் கடையின் கண்ணாடி மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பேனா கூரியர்காரருடையது. ஒரு வரியும் வாசிக்கவில்லை, மனசுக்குள்கூட.

ஜனவரியில் புத்தகம் வந்தது. கண்காட்சியில் ஒரு மேசையின் ஓரத்தில் ஐந்து நாள் அடுக்கி வைத்திருந்தார்கள். திரும்பி வந்து அக்காவுக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். வாங்கினார். கண்ணாடியை இறக்கினார். கவிதைக்குப் போகவில்லை, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பினார். விரலை வைத்தார்.

"'எல்லா உரிமைகளும் பதிப்பாளருக்கே.'" நிமிர்ந்தார். "கையெழுத்துப் போட்டியா அப்பு?"

"போட்டேன்க்கா."

"படிச்சுட்டா?"

ஏன் போட்டாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். பேருந்தில் வரும்போதே பதிலைக் கோத்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "அட்டை நல்லாருக்கு" என்றார். தேநீர் சொன்னார். வந்தது, குடித்தேன். திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். திட்டாதவரிடம் என்ன செய்வது? கடையை விட்டு இறங்கும்போது எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.

ஏப்ரலில் பதிப்பாளர் வந்தார். வேறு வழியில்லை. பெண்கள் கைபேசியில் தேடிப் படிப்பது அக்காவின் நாவல்களைத்தான், என் கவிதைகளை அல்ல. சாட்சியாகத் தன் டிரைவரையே கூட்டி வந்திருந்தார். என்னையும் வரச் சொல்லி அக்கா ஆள் அனுப்பியிருந்தார். எதற்கென்று தெரியாமல் போனேன்.

அந்த மாடிப்படியின் அடியில், எங்கள் பக்கச் சாட்சியோடு, எட்டுப் பேர். மின்விசிறி போதவில்லை. அக்கா எழுந்து நின்று முழுப் பத்திரத்தையும் வாசித்தார். டிரைவருக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி அவருக்கு விளக்கினார். "நீங்க சாட்சிண்ணே. தெரியாம சாட்சி போட்டா நாளைக்கு ஒங்களத்தான் கேப்பாக." பதிப்பாளர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நூல்களின் பட்டியல் வந்தது. அதில் என் புத்தகமும் இருந்தது. மூன்று வருடக் குத்தகைக்கு, சரிபாதிக்கு. நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் அடுத்த பத்தியை வாசித்தார்.

"'மேற்படி ஐந்தாவது நபர், மேற்படி நூலைப் பொறுத்து, மற்ற நால்வருக்கும் தெரிவிக்காமல், யாருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமல், தன் முழுச் சம்மதத்துடன் பதிப்பாளருக்குத் தனியாக எழுதிக் கொடுத்த இரண்டு பக்க ஒப்பந்தம், இன்று முதல் இரு தரப்பாராலும் ரத்து செய்யப்படுகிறது.'"

வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. செல்லமுத்து தன் செருப்பைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

"அக்கா, அந்த வரி வேணாமே" என்றேன்.

"எது?"

"ரத்துன்னு மட்டும் போதும்ல. நால்வருக்கும் தெரிவிக்காமல், தூண்டுதல் இல்லாமல், அதெல்லாம் எதுக்கு?"

"தூண்டுதல் இருந்துச்சா?"

"இல்ல."

"சொன்னியா எங்ககிட்ட?"

"இல்லக்கா."

"அப்ப சரியாத்தான் இருக்கு. சொத்து எப்படிக் கைமாறுச்சு, எப்படித் திரும்புச்சுன்னு வந்த வழி எழுதாம பத்திரம் நிக்காது அப்பு. அறுத்து எழுதினா அங்கனதான் ஓட்டை விழும்." கடைசி வரிக்குப் போனார். எல்லாப் பத்திரமும் முடிகிற அந்த வரி: 'படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு.' பேனாவை என்னிடம் நீட்டினார்.

ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அது பாதுகாப்புக்கு எழுதியதா, தண்டனைக்கு எழுதியதா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்டால் அதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவாரோ என்று பயம்.

அதோடு முடிந்ததா? மூன்று வருடக் குத்தகை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போதெல்லாம் வந்த வழி முழுவதும் திரும்ப எழுதப்படும், திரும்ப வாசிக்கப்படும். இரண்டு முறை அந்தக் கடையில் உட்கார்ந்து, நால்வருக்கும் தெரிவிக்காத என்னை நானே முழுசாகக் கேட்டேன். இரண்டாவது முறை வாசிக்கையில் அக்காவுக்கு நடுநடுவே மூச்சு வாங்கியது. எங்கள் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை, எப்போது முடியும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன வருடம் தவக்காலத்தில் அக்கா இறந்தார். பதிப்பாளர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், பதிப்பகத்தை அவர் மகன் நடத்துகிறார். இந்த வருடம் மூன்றாவது புதுப்பிப்பு. நாவல்களுக்காக அக்காவின் மகள் கையெழுத்துப் போடுவாள். பத்திரத்தைத் தட்டச்சு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. செல்லமுத்து போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்த ஒரு பத்திய எடுத்துப் போட்டுறலாமுங்களா? ஒவ்வொரு வாட்டியும் உங்க மொகத்தப் பாக்க எங்களுக்கே சங்கட்டமா இருக்குதுங்க. அக்காதான் இல்லீங்களே."

எடுத்தேன். ஒரு விரல் அழுத்தம், பத்தி போயிற்று. பக்கம் சுத்தமாக, புதுச்சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. பிரதியைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு அன்று நன்றாகத் தூங்கினேன்.

நான்காம் நாள் மகன் பேசினார். நல்ல பையன், மரியாதையானவர்.

"சார், மத்த நாலு பேருக்கும் ஓகே. உங்க கவிதைத் தொகுப்ப மட்டும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன். அது குத்தகையில வராது சார், நிரந்தரமா எங்களுதுதான். பழைய ஃபைலெல்லாம் ஸ்கேன் பண்றப்ப அப்பாக்கு நீங்க குடுத்த ரெண்டு பக்கம் கெடச்சுது. எல்லா வடிவத்துக்கும்னு இருக்கு. ஆடியோவுக்கும் ஒரு கம்பெனிகிட்ட பேசிட்டேன்."

"அது ரத்தாயிருச்சு தம்பி."

"அப்பா போட்ட பழைய பத்திரம் எதுவும் எங்க ஃபைல்ல இல்ல சார். நீங்க அனுப்பின டிராஃப்ட்லயும் அப்படி ஒண்ணுமே இல்லையே?"

ஆறு வருடத்துக் கவிதைகள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து என்னைக் கேட்காமல் அவற்றுக்குக் குரல் கொடுக்கப் போகிறார். லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தேன். பழைய முத்திரைத்தாள், மடிப்பில் கிழிந்து, அடியில் இருந்தது. போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, விரல் வைத்து வாசிக்க ஆரம்பித்தேன். என் பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவு எண்.

"சார், பாயிண்ட்ட மட்டும் சொல்லுங்களேன்."

"செத்த நேரம் தம்பி. முழுசாக் கேளுங்க."

மற்ற நால்வருக்கும் தெரிவிக்காமல். யாருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமல். தன் முழுச் சம்மதத்துடன். அடுப்படியில் மனைவியின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அவளுக்கு இது தெரியாது. இத்தனை வருடம் நான் சொன்னதில்லை. இன்று முதல் இரு தரப்பாராலும் ரத்து செய்யப்படுகிறது. கீழே அவருடைய அப்பாவின் கையெழுத்து, டிரைவரின் கையெழுத்து. இரண்டையும் சொன்னேன்.

மகன் குறித்துக்கொண்டார்.

"டிரைவர் அண்ணன் இன்னும் எங்ககிட்டதான் சார் இருக்கார். கேட்டுக்கறேன். ஆடியோவ நிறுத்தி வைக்கறேன். அந்தப் பத்திய டிராஃப்ட்ல சேத்து அனுப்புங்க சார்." பிறகு, தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க. ஏன் சார் மத்தவங்ககிட்ட சொல்லாம போட்டீங்க?"

பத்து வருடமாக நான் தயாராக வைத்திருந்த பதில். கேட்க வேண்டியவர் கடைசி வரை கேட்கவே இல்லை. அடுப்படி வாசலில் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"ஜனவரிக்குள்ள புக்கு வரணும்னு ஆசை தம்பி" என்றேன். "வேற ஒண்ணுமில்ல."